படம் திறக்காதபோது: ஐ ஆஃப் ஜிநோம், லூப், குவென்வியூ

தைப்பூசம் முடிந்த கையோடு, சமூக மன்றத் தொண்டூழியர்கள் பலரின் கைத்தொலைபேசிப் படங்களை ஒரே லினக்ஸ் கணினியில் சேர்க்கும்போது, சில படங்கள் மட்டும் திறக்க மறுப்பதுண்டு. கோப்பு கெட்டுவிட்டது என்று அவற்றை அழிப்பதற்கு முன், படங்காட்டும் செயலி எந்த நிரல் நூலகத்தை நம்பியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. செயலி சாளரத்தைத்தான் தருகிறது. படத்தைப் பிரித்துப் படிப்பது அந்த நூலகம்.

உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கலில் 25.04 பதிப்பு வரை இயல்பாக வந்த படங்காட்டும் செயலியான ஐ ஆஃப் ஜிநோம், ஜிடிகே பிக்ஸ்பஃப் நூலகத்தைச் சார்ந்தது. கோப்பின் பெயர் ஜேபெக் என்று முடிந்து, உள்ளே இருப்பது வேறாக இருந்தால் அது தடுமாறும். ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும். "இது ஜேபெக் கோப்பு அன்று" என்பதோடு, கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளையும் பதினாறடிமான எண்களில் காட்டும். அவை 89, 50 என்றிருந்தால் உள்ளே இருப்பது பிஎன்ஜி. 52, 49 என்றிருந்தால் பெரும்பாலும் இணையத்தில் புழங்கும் வெப்பி (WebP) வடிவம். இணையத்திலிருந்து சேமித்த அழைப்பிதழ்களில் இதை அடிக்கடி காணலாம். பெயரின் பின்னொட்டை மாற்றினாலே பிஎன்ஜி படம் திறந்துவிடும். வெப்பிக்கு அதற்குரிய செருகுநிரலும் இருக்க வேண்டும். பிழையை இவ்வளவு பயனுள்ள வகையில் சொல்லும் செயலியைப் பழையது என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

2023 செப்டம்பரில் ஜிநோம் என்னும் லினக்ஸ் மேசைச்சூழலின் 45ஆம் பதிப்புடன் அதன் இடத்துக்கு வந்த லூப், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. கிளைசின் என்னும் நூலகத்தின் வழியாக, படத்தைப் பிரிக்கும் வேலையைத் தனிமைப்படுத்தப்பட்ட வேறொரு செயல்முறையிடம் அது ஒப்படைப்பதால், தீய நோக்கத்துடன் புனையப்பட்ட படம் மற்றக் கோப்புகளைத் தொடுவது மிகக் கடினம். முகம் தெரியாதவர்களிடமிருந்து படங்கள் வரும் கணினிக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆயினும் ஒவ்வொரு பட வடிவத்தையும் படிக்கும் கிளைசினின் ஏற்றிகள் அடங்கிய தொகுப்பு விடுபட்டிருந்தால், சாதாரண ஜேபெக் படத்தைக்கூட அறியாத வடிவம் என்று சொல்லி நின்றுவிடும். அப்போது குறை படத்தில் இல்லை, நிறுவலில்தான் இருக்கிறது.

கேடிஈ என்னும் மற்றொரு மேசைச்சூழலின் படங்காட்டியான குவென்வியூ, பின்னொட்டு பொருந்தாவிட்டால் உள்ளடக்கத்தைப் பார்த்து வடிவத்தைக் கண்டுகொள்ள முயல்கிறது. பலரிடமிருந்து படம் திரட்டும் கணினிக்கு இந்தப் பெருந்தன்மை மிகவும் தேவை. அவ்வகையில் மூன்றிலும் என் தேர்வு இதுவே.

2017இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் ஐஃபோன்கள் இயல்பாகச் சேமிக்கும் எச்இஐசி படங்கள் மூன்று செயலிகளுக்குமே சிக்கல்தான். அவற்றின் எச்இவிசி குறிமுறைக்குக் காப்புரிமைகள் இருப்பதால், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் அதற்கான பிரிப்பானைச் சேர்ப்பதில்லை. ஃபெடோராவில் அதை ஆர்பிஎம் ஃபியூஷன் என்னும் வெளிக் களஞ்சியத்திலிருந்து தனியே நிறுவ வேண்டும். ஐ ஆஃப் ஜிநோமுக்கு, எச்இஐசி படங்களைப் படிக்கும் லிப்ஹெய்ஃப் நூலகத்தின் பிக்ஸ்பஃப் செருகுநிரலும், குவென்வியூவுக்கு கேஇமேஜ்ஃபார்மட்ஸ் தொகுப்பும் வேண்டும். செயலியைத் தனிமைப்படுத்தி இயக்கும் ஸ்னாப் தொகுப்பு வடிவில் நிறுவியிருந்தால், யுஎஸ்பி விரலியைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எந்தச் செயலியை மாற்றுவதற்கு முன்பும், முனையத்தில் 'ஃபைல்' கட்டளையைப் படத்தின் பெயரோடு இயக்கினால் உண்மையான வடிவம் தெரிந்துவிடும். கோப்பு வெறுமையானது என்று அது சொன்னால், நகலெடுத்து முடியும் முன்பே விரலியைப் பிடுங்கியிருக்கக்கூடும். அதை எந்தச் செயலியாலும் திறக்க முடியாது. ஆகவே, எல்லாப் படங்களும் கணினியில் திறப்பதை உறுதிசெய்யும்வரை கைத்தொலைபேசியில் இருப்பவற்றை அழிக்க வேண்டாம் என்று தொண்டூழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.