தேனிலவுக்கு இத்தாலியா, மத்திய ஐரோப்பாவா?

பத்து நாள், மூன்று ஊர், எல்லாம் ரயிலில். இப்படித் தேனிலவு யோசிப்பவர்களுக்கு இரண்டு பாதைகள் நன்றாக அமையும்: ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், அல்லது பிராக், வியன்னா, புடாபெஸ்ட். இரண்டுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். இரண்டாவது பாதையில் மூன்று ஊரும் மூன்று நாடுகளில் (செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி) இருப்பதால், அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பயண நேரத்தில் இத்தாலி முந்துகிறது. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டேகால். பிராக்கிலிருந்து வியன்னா போகவே நான்கு மணி நேரம் ஆகும். பணமும் அந்தப் பக்கம் மூன்று விதம்: கொருனா, யூரோ, ஃபோரின்ட்.

ஆனால் வெனிஸில் பெட்டி பெரும்பாடு. பழைய நகருக்குள் கார் கிடையாது. பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு. படகுத் துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள்.

என் மனம் சாய்வது புடாபெஸ்ட் பக்கம்தான். இருட்டியதும் டான்யூபின் புடா கரையில் நின்று பாருங்கள். எதிரே நாடாளுமன்றம் பொன் விளக்கில் ஜொலிக்கும், அதன் நிழல் ஆற்றில் நெளியும். மறுநாள் கால்வலிக்கு சேச்செனி குளியலகம் இருக்கிறது. குளிர்காலத்தில்கூடத் திறந்தவெளி வெந்நீரில், ஆவிக்கு நடுவே உட்காரலாம். பிராக்கில் சார்லஸ் பாலத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் கூட்டம் தள்ளும்.

தை முகூர்த்தம் என்றால் மட்டும் யோசிப்பேன். அப்போது பிராக்கில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், ரோம் எவ்வளவோ தேவலை. வைகாசிக் கல்யாணமா? சரி, பிராக்குக்கே டிக்கெட் போடுங்கள்.