செந்தூல் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் பயிற்சி: ஏழு மாத அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை காலையில் நடக்கும் பயிற்சி இது. மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு வருடம் அறையை விட்டே வராமல் கிடந்த என் தம்பியை இங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "பாவம், இந்த வயசுல" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள், அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடமாட்டான்.

இங்கே யாரும் உச்சுக்கொட்டவில்லை. பயிற்சியாளரும் நாற்காலியில் இருப்பவர்தான். முதல் நாளே என்னிடம், "அவனைத் தள்ளாதம்மா, அவனே வரட்டும்" என்றார்.

இந்த ஆட்டத்தில் உடலசைவைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி, களத்தில் ஆடும் ஐந்து பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 14-ஐத் தாண்டக் கூடாது. எல்லாரும் 4.5 ஆக இருந்தால் அணியே சேராது, உடம்பை நிமிர்த்தவே சிரமப்படுகிற 1.0 ஆளும் வேண்டும். தம்பி அநேகமாக 1.0. "நீ வரலன்னா நாங்க எப்படிடா ஆடுறது?" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்சாப்பில் குரல் பதிவு வரும். அதை அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் பக்கத்து மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். ரொட்டி சானாய், தே தாரிக். சிறுநீர்ப் பை, படுக்கைப் புண், தூக்கம் வராத ராத்திரி என்று வீட்டில் எங்களிடம் வாயே திறக்காத விஷயமெல்லாம் அங்கேதான் வெளியே வரும். புண் வராமலிருக்கக் கால் மணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி, மேசை ஓரத்திலேயே ஓர் அண்ணன் செய்து காட்டினார். மருத்துவமனையிலும் சொன்னார்கள்தான், அப்போது அவன் காதில் ஏறவில்லை. கூடத்துச் சுவரில் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 ஒட்டியிருக்கிறது, அதுவும் நல்ல காரியம்.

குறை இல்லாமல் இல்லை. ஓகேயு (மாற்றுத்திறனாளி) கழிவறையில் துடைப்பமும் வாளியும் அடைந்து கிடக்கின்றன, ஒவ்வொரு வாரமும் நாங்கள்தான் எடுத்து வெளியே வைக்கிறோம், இது மனசுக்கு ரொம்பக் கஷ்டம். ஆட்டத்துக்கான நாற்காலி ஆறுதான். ஆடுவதற்குப் பெண்கள் யாருமே வருவதில்லை, அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் நம் நாடு வாங்கிய மூன்று தங்கத்தைப் பற்றி இன்னும் பெருமையாகப் பேசுகிறோம், சரி, பதக்கத்துக்கே போகாத இவர்களுக்கும் நாலு நாற்காலி வாங்கித் தர யாராவது முன்வர வேண்டும்.

கட்டணம் வாரம் 10 ரிங்கிட். ஒன்பது மணிக்கு ஆரம்பம், ஆனால் எட்டேமுக்காலுக்கே போய்விடுங்கள், அப்போதுதான் நாற்காலி கிடைக்கும். கையுறை கொண்டுபோங்கள், முதல் வாரம் தம்பிக்கு உள்ளங்கை உரிந்துவிட்டது.