'ஹார்வெஸ்டர் ஆபரேட்டர் பயிற்சி' நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பஸ் ஸ்டாப்புகளில் ஒட்டியிருக்கிறார்கள்: மரம் வெட்டும் இயந்திரப் பயிற்சி, அரசு அங்கீகாரம், பின்லாந்தில் வேலை. 45,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். சீகையும் கற்பூர மரமும் வெட்டிப் பழகிய கைக்கு ஒரு சான்றிதழும் இருந்தால் கூலி ஏறுமே என்றுதான்.

ஹார்வெஸ்டர் என்பது மரத்தைப் பிடித்து, அறுத்துச் சாய்த்து, கிளை கழித்து, அளவாகத் துண்டும் போடும் மெஷின். அதை நாங்கள் செல்போன் வீடியோவில்தான் பார்த்தோம். "ஜேசிபி ஓட்டத் தெரிந்தால் அதுவும் வந்துவிடும்" என்றார் வாத்தியார். அந்த ஜேசிபியாவது ஓடியதா? ஷெட்டிலேயே நின்றது.

செயின்சா, அதாவது மோட்டார் சங்கிலி வாள், வகுப்பு இன்னும் மோசம். வாள் பட்டாலும் தொடையைக் காக்கும் கால்சட்டை இல்லை, முகத்திரை வைத்த ஹெல்மெட் இல்லை, காது மூடி இல்லை. ஓடுகிற வாளின் நுனியில் மேல்பகுதி கட்டையில் பட்டால் வாள் மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும். முதல் நாளே சொல்ல வேண்டிய விஷயம். கடைசிவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக்கைச் சோதிக்கக்கூடக் காட்டவில்லை.

முடிவில் ஹாலோகிராம் ஒட்டிய ஒரு காகிதம். அதில் ஐஎஸ்ஓ என்றும் உத்யம் எண் என்றும் பெரிதாக அச்சடித்திருந்தது. உத்யம் என்பது சிறுதொழில் பதிவு, இலவசமாகவே கிடைக்கும். ஐஎஸ்ஓ 9001 நிறுவனத்தின் நிர்வாக முறைக்கானது. நமக்கு வேலை தெரியும் என்று இரண்டுமே சொல்லாது. அரசு அங்கீகாரம் என்றால் என்சிவிஇடி (தொழிற்கல்விக்கான மத்திய அரசு கவுன்சில்) தகுதிப் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டு எண்ணைக் கேட்டேன், "அப்புறம் தருகிறோம்" என்றார்கள்.

அப்புறம் வந்தது எண் இல்லை, விசாவுக்கு இன்னும் ஒன்றரை லட்சம் கேட்டு போன். பின்லாந்தில் இது தொழிற்பள்ளியில் சிமுலேட்டரிலும் நிஜ மெஷினிலுமாக இரண்டு மூன்று வருடம் படிக்கிற படிப்பு. இவர்கள் காகிதத்தை அங்கே யார் மதிப்பார்கள்? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பதிவு உண்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதைச் சரியாகப் படிக்க வைத்தார்கள். 'நன்கொடை' என்று போட்டிருக்கிறது! நன்கொடையைத் திருப்பித் தர முடியாதாம்.

ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறேன். இதே இடத்தில் பணம் கட்டியவர்கள் ரசீது, நோட்டீஸ் போட்டோ, ஜிபே விவரம் எதையும் அழிக்காமல் எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே போடுவோம்.