டர்பனுக்கு எந்தச் சோடா ஆஷ் கட்டும்?

டர்பன் அருகே ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் சலவைத்தூள் தயாரிக்கும் நம்மவர்களிடம், சலவைத்தூளுக்கும் கண்ணாடிக்கும் மூலப்பொருளான சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது போட்ஸ்வானாதான். பக்கத்து நாடு, தென்னாப்பிரிக்காவோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் வரியும் கிடையாது, அப்புறம் என்ன யோசனை என்பார்கள். ஜோகன்னஸ்பர்க்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். டர்பன்காரர் அப்படி உடனே முடிவு செய்யக்கூடாது.

போட்ஸ்வானா சரக்கு சுவா பான் என்ற உப்புப் படுகையிலிருந்து வருகிறது. தரைக்கடியில் உள்ள உவர்நீரைக் கிணறுகளிலிருந்து இறைத்து, பெரிய பாத்திகளில் வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். 1991-இல் தொடங்கிய முதல் கம்பெனி 1995-இல் திவாலாகி, அதன் இடத்தில் போட்ஸ்வானா ஆஷ் வந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் டன் எடுக்கும் அளவில் கட்டிய ஆலை. வெயில்தான் பாதி வேலையைச் செய்கிறது என்பது அதன் பலம். மழை வலுத்த வருடம் பாத்தி நீர் நீர்த்துப்போகும், உற்பத்தி சரியும் என்பது அதன் பலவீனம். (அதே மழைக்குத்தான் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் அங்கே முட்டையிட வருகின்றன. ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்குத் திருவிழா.)

ஆனால் தூரத்தைப் பாருங்கள். சுவா பானிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். அங்கிருந்து டர்பனுக்கு இன்னும் 570. தென்னாப்பிரிக்க ரயிலில் எஞ்சின் பற்றாக்குறையும் கேபிள் திருட்டும் பழகிப்போன கதை. லாரியில் ஏற்றினால், டன்னுக்கு விலை குறைவான இந்தப் பொருளில் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும்.

அடுத்து அமெரிக்கா. வயோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் பகுதியில் உலகிலேயே பெரிய ட்ரோனா படிவம், அதாவது சோடா ஆஷ் எடுக்கும் கனிமப் படிவம், இருக்கிறது. அமெரிக்க உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டன், அதில் பாதிக்கு மேல் ஏற்றுமதி. சுவா பானோடு ஒப்பிட்டால் யானையும் ஆட்டுக்குட்டியும். அந்த உற்பத்தியாளர்கள் அன்சாக் என்ற ஒரே அமைப்பு வழியாக வெளிநாடுகளில் விற்றார்கள். 1918-இல் வந்த வெப்-பொமரீன் சட்டம் ஏற்றுமதிக்கு அப்படிச் சேர்ந்துகொள்ள அனுமதிக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவிலோ போட்டிச் சட்டப்படி விலையைக் கூடிப் பேசி வைப்பது குற்றம். போட்ஸ்வானா ஆஷ் 1999-இல் புகார் கொடுத்தது. வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2008-இல்தான் சமரசத்தில் முடிந்தது. அன்சாக் அபராதம் கட்டி, இங்கே கூட்டு விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டது. இந்த முடிவு சட்டப்படி சரிதான். ஆனாலும் புகார் கொடுத்தவரும் தன் வட்டாரத்தில் போட்டியே இல்லாத தனி உற்பத்தியாளர் என்பதை மறந்துவிட்டு இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவருக்கு இரண்டு கடை இருந்தால்தான் பேரம் பேச முடியும்.

அந்த இடத்தைத் துருக்கி நிரப்பக்கூடும். அங்காரா அருகே பேபஸாரியில் 2009-லும் கஸானில் 2018-லும் ஆலைகள் வந்தன. சுரங்கத்தில் ஆள் இறங்காமல், சுடுநீரைச் செலுத்தி ட்ரோனாவைக் கரைத்தே வெளியே எடுக்கிறார்கள். செலவு குறைவு. ஆனால் செங்கடலில் 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் சூயஸ் வழியைத் தவிர்த்தன. அப்போது மேற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சலவைத்தூள்காரருக்கு முக்கியமான கேள்வி வேறு: லைட்டா (அடர்த்தி குறைந்த இலேசான தூள்), டென்ஸா (அடர்த்தி கூடியது)? கண்ணாடி உலைக்கு டென்ஸ் ரகம் வேண்டும். சலவைத்தூளுக்கு லைட் ரகம்தான் வசதி, திரவச் சேர்மானங்களை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ட்ரோனாவிலிருந்து வருவது பெரும்பாலும் டென்ஸ். லைட் ரகம் சால்வே முறையில், அதாவது உப்பு, சுண்ணாம்புக்கல், அம்மோனியா வைத்துச் செய்யும் ஆலைகளில் நேரடியாகவே கிடைக்கும். அந்த முறைக்கு எரிபொருள் அதிகம், கால்சியம் குளோரைடு கழிவும் மிஞ்சும். சுற்றுச்சூழல் கணக்கில் இது தோற்கும். இங்கிலாந்தின் லோஸ்டாக்கில் டாடாவின் ஆலை 2025 தொடக்கத்தில் சோடா ஆஷ் உற்பத்தியை நிறுத்திவிட்டது. தூத்துக்குடியிலும் ஓர் ஆலை உண்டு, ஆனால் இந்தியாவே இறக்குமதி செய்யும் நாடு என்பதால் அங்கிருந்து நாம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது சீனா. அங்கே சோலார் கண்ணாடிக்குத் தேவை கூடினால் ஏற்றுமதி சுருங்கும், விலையும் ஆடும்.

என் கணக்குப்படி, கடற்கரையிலிருந்து தள்ளி ஜோகன்னஸ்பர்க் பக்கம் கண்ணாடி ஊற்றுபவரும், சோடா ஆஷ் வாங்கும் வனேடியம் உலோகக் கம்பெனிகளும் சுவா பானை விட்டு விலகத் தேவையில்லை. டர்பனில் சலவைத்தூள் போடுபவர் சீன லைட் ரகத்தையும் துருக்கி டென்ஸையும் பட்டறை வாசல் விலையில் ஒப்பிட வேண்டும். துறைமுக விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் லைட் ரகத்தில் கன்டெய்னரின் எடை வரம்பு எட்டுமுன்பே இடம் தீர்ந்துவிடும், டன்னுக்கு வாடகை ஏறும். ஏஜெண்டிடம் கன அடர்த்தி எவ்வளவு, மூட்டைக்குள் பிளாஸ்டிக் உறை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தைப்பூசக் காவடி சமயத்துப் புழுக்கத்தில் உறையில்லாத மூட்டை கட்டி தட்டிப்போகும், அதைச் சம்மட்டியால் உடைக்க ஆள் கூலி தனி.