கோடியில் இறுகும் மில்லிங் டேபிள்: பேஸ்ட், கிரைண்டிங், ஸ்கிரேப்பர்

வீட்டு ஷெட்டில் இருக்கும் என் சின்ன மில்லிங் மெஷினில் டேபிள் நடுவில் வெண்ணெய் மாதிரி ஓடும். அதன் இடது கோடி, டேபிளைக் கீழிருந்து தாங்கும் சேடிலுக்கு மேல் வரும்போது ஹேண்டில் கல்லாகிவிடும். கோடிக்குத் தோதாக கிப்பை (டேபிளுக்கும் சேடிலுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் பட்டை) தளர்த்தினால் நடுவில் டேபிள் ஆடும். கட்டர் பொருளைத் தொட்டதும் அந்த ஆட்டம் வேலையில் வரிவரியாகத் தெரியும்.

எந்த வைத்தியத்துக்கும் முன்னால் ஒரு சோதனை. ஹேண்டிலைச் சுற்றினால் டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு டேபிளைக் கையால் தள்ளிப் பாருங்கள். லேசாக ஓடினால் ஸ்லைடில் குற்றமில்லை. ஸ்க்ரூவும் நட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சேடிலில் இருக்கும் நட்டை, டேபிள் கோடியில் ஸ்க்ரூவைத் தாங்கும் பிராக்கெட் நெருங்க நெருங்க ஸ்க்ரூ வளைந்துகொடுக்க இடமில்லாமல் போகும், அதனால் கோடியில்தான் இறுகும். பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்தி, டேபிளைக் கோடிக்குக் கொண்டுபோய் அங்கே வைத்து முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுத்தது கிப் பட்டை. இந்த ரக மெஷின்களில் அது வெறும் தட்டைப் பட்டை. மூன்று நான்கு ஸ்க்ரூவின் முனை குழியில் உட்கார்ந்து அதைத் தள்ளும். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் பட்டை சாய்ந்து ஓரம் மட்டும் கடிக்கும். தடித்த கண்ணாடியில் எமரி ஷீட்டை ஒட்டிப் பட்டையைத் தேய்த்துச் சமமாக்கி, குழிகளையும் திருத்தினேன். செலவு சில ஷீட்கள், ஒரு மாலை. ஆட்டம் பாதி குறைந்தது. கோடி இறுக்கம் அப்படியே இருந்தது. கிப் எவ்வளவு நல்லதானாலும், அகலம் மாறும் டவ்டெய்லை (டேபிள் சேடிலில் கோத்து ஓடும் சாய்வுப் பக்கத் தடத்தை) அது நேராக்காது.

அளந்து பார்த்தேன். டவ்டெய்லின் இரண்டு மூலையிலும் ஒரே அளவு பேரிங் ரோலர்களை வைத்து, இடைவெளியை, உள்ளளவு எடுக்கும் டெலஸ்கோப்பிக் கேஜால் மூன்று இடத்தில் எடுத்தேன். இடது கோடி நடுவைவிட 0.04 மி.மீ. குறுகல். ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது, ஆனால் டேபிளை நிறுத்த அதுவே போதும்.

இங்கேதான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முதலில் வருவது வால்வு கிரைண்டிங் பேஸ்ட்: 'தடவி முன்னும் பின்னும் ஓட்டு, தானா செட் ஆயிடும்.' ஆகாது. ஓட்டும்போது அதிகம் உரசுவது நடுப்பகுதி, அதாவது ஏற்கெனவே லூசாக இருக்கும் இடம். நீள டேபிளும் குட்டை சேடிலும் உரசினால் ஒன்றின் கோணல் இன்னொன்றுக்கும் ஏறும். அதைவிட மோசம், பேஸ்ட்டின் பொடி வார்ப்பிரும்பின் துளைகளில் பதிந்துவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் மெஷின் தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருக்கும். உரசித் தேய்த்துச் சமதளம் வராது, சுரண்டித்தான் வரும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் கட்டுரையே படித்தார். இன்னும் நாம் பேஸ்ட் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சர்ஃபேஸ் கிரைண்டிங் மரியாதையான வழி. ஜாப் வொர்க் பட்டறையில் கொடுத்தால் அன்றைக்கே வாங்கிவிடலாம். ஆனால் வளைந்த மெல்லிய டேபிளை மேக்னட் சக்கில் வைத்தால் காந்தம் அதை இழுத்து நேராக்கும், கல் சமமாகச் சீவும், காந்தத்தை அணைத்ததும் டேபிள் பழையபடி வளையும். கீழே ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து வைக்கத் தெரிந்த ஆபரேட்டர் வேண்டும். டவ்டெய்லின் சாய்வு முகத்துக்குக் கல்லைக் கோணத்தில் டிரெஸ் செய்து வடிவம் கொடுக்க வேண்டும். எல்லாப் பட்டறையும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. தட்டை முகத்தில் 0.1 மி.மீ. எடுத்தால் டேபிளோடு ஸ்க்ரூவும் அவ்வளவு இறங்கும், நட் மட்டும் பழைய உயரத்தில் நிற்கும். ஒரு இறுக்கத்தை விற்று இன்னொன்றை வாங்கிய கதை.

டர்சைட் போன்ற பிளாஸ்டிக் லைனர் ஒட்டுவது பெரிய மெஷினுக்குச் சரி. இத்தனை சின்ன டவ்டெய்லில் அதற்கு இடம் வெட்டுவதே தனி வேலை.

மிச்சம் ஸ்கிரேப்பர். பழைய அரத்தின் நுனியில் கார்பைடு டிப் பிரேஸ் செய்தது. புளூ என்ற நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவிய ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமாக நேராக்கிய கட்டையை) முகத்தில் உரசி எடுத்தால் மேடு மட்டும் நீலமாகும். அதை மட்டும் சுரண்டு, துடை, மறுபடி உரசு. ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான்தான் போகும். சலிப்பு பிடித்த வேலை, முதுகும் வலிக்கும். ஆனால் மற்ற வழிகளில் இல்லாத ஒரு வசதி உண்டு: எங்கே எடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். கிப் பக்கச் சாய்வு முகம் மட்டும்தான் கோணல் என்று நீலம் காட்டியது. தட்டை முகத்தைத் தொடவே இல்லை, அதனால் ஸ்க்ரூ உயரமும் மாறவில்லை. சுரண்டிய பள்ளங்களில் எண்ணெய் தங்குவது உபரி லாபம்.

டவ்டெய்லுக்குள் நுழையும் கோண ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இல்லாமல் இதைத் தொடங்க முடியாது. என்னிடம் இல்லை. வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றைக் கிரைண்டிங்குக்குக் கொடுத்து எடுத்துவந்து, சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்து முதலில் அதைச் சுரண்டினேன். டேபிளுக்கு வைத்திருந்த கிரைண்டிங் காசு அதில் போனது. டேபிளின் முகத்தில் சதுர அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நீலப் புள்ளி வந்ததும் நிறுத்திவிட்டேன். பொழுதுபோக்கு மெஷினுக்கு இது தாராளம்.

மூன்று வாரம், மாலை நேரங்கள். இப்போது ஒரே விரலால் ஹேண்டிலைச் சுற்றினால் டேபிள் கோடிவரை ஒரே கனத்தில் போகிறது. முன்னும் பின்னும் போகும் ஒய் ஸ்லைடும் கொஞ்சம் பிடிக்கிறது. நாளைக்கு அதன் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும்.