கரோல் பாகில் ‘ஜெர்மன்’ ஸ்கோப் வாங்கப் போகிறவர்களுக்கு

டெல்லியில் ரைஃபிள் பழகும் நம்மவர்கள் கவனிக்கவும். கரோல் பாக் பக்கம் ஒரு கடையில் ‘செகண்ட் ஹேண்ட், 8×56, அசல் ஜெர்மனி’ என்று சொல்லி ஒரு போலி ஸ்கோப்பை, அதாவது ரைஃபிள் மேல் பொருத்தும் தொலைநோக்கியை, என் தலையில் கட்டிவிட்டார்கள். 8×56 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 56 மி.மீ. அகலம் என்று அர்த்தம்.

அந்தக் கடைக்காரரின் வாய் இருக்கிறதே! ஸ்கோப் கம்பெனிகளில் காலேஸ் 1898இல் வியன்னாவில் தொடங்கியது, ஷ்மிட் அண்ட் பெண்டர் 1957இல் வந்தது, ஐரோப்பாவில் அந்தி வேட்டைக்காகவே 56 மி.மீ. முன்லென்ஸ் வைத்தார்கள் என்று அடுக்கினார். சொன்ன வரலாறு அத்தனையும் சரிதான். சரக்குதான் பொய்.

வீட்டில் ஒரு ஸ்கேலை வைத்தே குட்டு உடைந்தது. ஸ்கோப்பை வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பி, கை நீட்டிப் பிடித்தால் கண் வைக்கும் பக்கம் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் அகலம் 56ஐ 8ஆல் வகுத்த அளவு, அதாவது 7 மி.மீ. இருக்க வேண்டும். இருட்டில் நம் கண்பாவை விரிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். 8×56க்கு மவுசு அதனால்தான். என்னுடையதில் 4 மி.மீ. அப்படியென்றால் உள்ளே எங்கோ ஒளியை மறித்திருக்கிறார்கள், வேலை செய்வது 32 மி.மீ. மட்டும். வெளியே பெரிய கண்ணாடி, வெறும் ஷோவுக்கு!

அப்புறம் டியூப்லைட்டுக்கு அடியில் பார்த்தேன். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. இதைக் குறைக்கும் பூச்சுக்கு ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா 1935லேயே வழி கண்டுவிட்டார். நல்ல லென்ஸில் விளக்கின் பிம்பம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். இதில் பளிச்சென்று வெள்ளை. ஜனவரிக் குளிரில் பால்கனிக்குக் கொண்டுபோனதும் உள்ளேயே ஆவி படிந்தது; நைட்ரஜன் நிரப்பி மூடிய குழாயில் அப்படி நடக்காது.

திருப்பிக் கொடுக்கப் போனால், “உங்க கண்ணுல பவர் இருக்கு சார், அதான்” என்கிறார். பில்லில் எழுதியிருப்பதோ ‘ஆப்டிகல் ஐட்டம்’, அவ்வளவுதான். கம்பெனிப் பெயரும் சீரியல் நம்பரும் பில்லில் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.