தாலினில் மாற்றத்தைக் காண: பழைய நகரமா, கலமாயாவா?

எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்குச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் செல்பவர், நகரம் எப்படி மாறியிருக்கிறது என்பதைத் தெருவளவில் பார்க்க விரும்பினால், அவர்முன் இரண்டு தேர்வுகள் உள்ளன. ஒன்று மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம். மற்றொன்று, ரயில் நிலையத்துக்கு அப்பால் கடலை ஒட்டியிருக்கும் கலமாயா.

பழைய நகரம் 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 1422ஆம் ஆண்டு ஆவணங்களிலேயே குறிப்பிடப்படும் மருந்தகம் நகரமன்றச் சதுக்கத்தில் இன்றும் இயங்குகிறது. மாறாமல் இருப்பதே அதன் பெருமை. மாற்றத்தைத் தேடுபவருக்கு அதுவே சிக்கல். விரு தெருவில் மாறுவது பெரும்பாலும் கடைப் பலகைகள்தான், அவை எந்தச் சுற்றுலா நகரத்திலும் மாறக்கூடியவையே. ஆனாலும் பிக் தெருவின் 59ஆம் எண் கட்டடத்தைக் கடக்கும்போது பார்வையைத் தாழ்த்த வேண்டும். சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் தலைமையகமாக இருந்த அக்கட்டடத்தின் நிலவறைச் சாளரங்கள் அடைக்கப்பட்டிருப்பதை, மேலே உள்ள அழகிய முகப்பை மட்டும் பார்த்துச் செல்பவர் கவனிப்பதில்லை.

கலமாயாவின் கதை வேறு. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கு கட்டப்பட்ட, 'தாலின் வீடு' என்றே அழைக்கப்படும் குடியிருப்புகளில், இரு மரப் பகுதிகளுக்கு நடுவே கல்லாலான படிக்கட்டு இருக்கும். தீப்பிடித்தாலும் குடியிருப்போர் இறங்கி வர வழி வேண்டும் என்பதே காரணம். இந்த வீடுகளின் முகப்பே போதும், தெருவின் பொருளாதாரம் விளங்கிவிடும். ஒரு வீட்டில் புதுச் சாயம், அழைப்பு மணிக்குப் பதில் எண்களை அழுத்தித் திறக்கும் பொத்தான் பலகை, துலக்கிய பழைய மரக்கதவு. பக்கத்து வீட்டில் உரிந்த பலகை, அதனடியில் முந்தைய சாயத்தின் நிறம். மரபுத் தோற்றம் காக்கப்படும் பகுதி என்பதால் முகப்பை இஷ்டப்படி மாற்ற முடியாது. ஆகவே மாற்றம் இத்தகைய சிறு பொருள்களில்தான் தென்படும். வாடகை ஏறியதும் இங்கிருந்து யார் வெளியேறினார்கள் என்பதைக் கதவுகள் சொல்வதில்லை என்பது வேறு விஷயம்.

ரயில் நிலையச் சந்தையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மலிவுத் துணியும் பழைய சாமான்களும் விற்ற அந்த இடம், சுண்ணாம்புக்கல் கிடங்குகளைப் புதுப்பித்து 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. தரைத்தளத்தில் காய்கறிகளும் சுடச்சுட உணவும் கிடைக்க, பழம்பொருள் வியாபாரம் மாடிக்குப் போய்விட்டது. மாடி ஏறாதவருக்குப் பழைய சந்தை கண்ணில் படாது. கலமாயாவின் கடலோரத்தில் உள்ள நோப்ளெஸ்னர் துறைமுகப் பகுதியிலோ புதுக் கட்டடங்களே மிகுதி. அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது குறைவு.

என் தேர்வு கலமாயாவே. டிசம்பரில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய 6 மணி நேரம்தான் என்பதால், அப்போது செல்பவர் பகலைக் கலமாயாவுக்கு ஒதுக்கிவிட்டு, விளக்கொளியிலும் நன்றாகவே தெரியும் பழைய நகரத்தை இருட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.